என் ஆய்வேட்டைக் கைவிட்டுவிடலாமா?

மஸ்கெலியாப் பகுதித் தோட்டமொன்றைச் சேர்ந்த வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அரச பல்கலைக்கழகமொன்றில் சமூகவியல் சிறப்புப் பட்டத்தின் நான்காம் வருடத்தில் கற்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் அவர்தான். தாய் கொழுந்து பறிக்கிறார். தந்தை நோயினால் வேலையை விட்டுவிட்டார். அண்ணன் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, கொழும்பில் புடவைக்கடை ஒன்றில் வேலை செய்து, தங்கையின் படிப்புக்கு மாதந்தோறும் பணம் அனுப்புகிறார். தோட்டத்து இளைஞர்கள் படிப்பை இடையில் விட்டுக் கொழும்புக் கடைகளுக்குப் போவது ஏன் என்பதே இவர் எடுத்துக்கொண்ட ஆய்வுத் தலைப்பு. 100 வினாக்கொத்துகளை அச்சிட்டுக்கொண்டு ஊருக்குப் போனார். தோட்ட அலுவலகத்தில் துரை (தோட்ட முகாமையாளர்) அனுமதி மறுத்துவிட்டார். தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் தாளை நீட்டியபோது பலர், "நீயே போட்டுக்க புள்ள, ஒனக்குத் தெரியாததா?" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். ஒழுங்காகக் கிடைத்தவை 46. எண்ணிக்கை போதாதென்று 18 தாள்களைத் தானே நிரப்பியிருக்கிறார். இதற்கிடையில், ஆய்வென்றால் 384 பேர் இருக்க வேண்டும் என்று சக மாணவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். வாசிக்க வேண்டிய கட்டுரைகளெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. இரண்டு மாதங்களாக மேற்பார்வையாளரின் கண்ணில் படாமல் ஒதுங்கித் திரிகிறார், இரவில் உறக்கமில்லை. 60,000 ரூபாய் கொடுத்தால் ஒரு கொமினிகேஷன் கடையில் முழு ஆய்வேட்டையும் செய்து தருவார்கள் என்று தோழி ஒருவர் வழிகாட்டியிருக்கிறார். இருக்கும் 64 தாள்களை வைத்து எப்படியாவது முடிப்பதா, பணம் கொடுத்து முடிப்பதா, பொதுப் பட்டத்தோடு வெளியேறிவிடுவதா என்பது அவருடைய கேள்வி. "ஆய்வு என்பது எங்களைப் போன்றவர்களுக்கு உரியது அல்ல" என்று எழுதிக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுடைய குறைகள் என்று நீங்கள் வரிசைப்படுத்தியிருப்பவற்றுள் பெரும்பாலானவை குறைகளே அல்ல. குறைவான பேர்தான் பதில் தந்தார்கள், துரை மறுத்தார், ஆய்வுக்களம் சொந்தத் தோட்டம், பதில் சொன்னவர்களில் பாதிப்பேர் உறவினர் என்பனவெல்லாம் ஆய்வேட்டின் முறையியல் அத்தியாயத்தில் உள்ளபடி எழுதப்பட வேண்டிய செய்திகள். அவற்றை நேர்மையாக எழுதிய மாணவருக்குப் புள்ளி குறையாது. பல வேளைகளில் கூடும். உங்களை உண்மையில் ஆபத்தில் தள்ளக்கூடியது, கடிதத்தின் நடுவில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கும் அந்த 18 தாள்கள்தான். ஆகவே பயப்பட வேண்டிய இடத்தை மாற்றிக்கொள்ளும்படி முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

பல்கலைக்கழக மாணவர்களுக்கு உளவள ஆலோசனை வழங்கும் பணியில் இருப்பதால், உங்களைப் போன்ற பலரைச் சந்திக்கிறேன். மூன்று வருடங்கள் நல்ல புள்ளிகளோடு வந்தவர்கள் நான்காம் வருடத்தில் ஆய்வேட்டின் முன்னால் முடங்கிப்போவது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்வதன்று. கொழும்பிலிருந்து வருகிறவர்களும் முடங்குகிறார்கள். உயர்தரம் வரையில் நமக்குக் கிடைப்பது விடையுள்ள கேள்விகளுக்கு விடை எழுதும் பயிற்சி. ஆய்வு முறையியலும் பெரும்பாலும் வரைவிலக்கணங்களை மனனம் செய்து பரீட்சை எழுதும் பாடமாகவே கழிந்துவிடுகிறது. அதன்பின் திடீரென்று ஒருநாள், விடை எவருக்கும் தெரியாத கேள்வி ஒன்றை நீங்களே உண்டாக்கி, நீங்களே விடை தேடுங்கள் என்கிறார்கள். தடுமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. தடுமாறியதைச் சொல்ல வெட்கப்பட்டு மேற்பார்வையாளரைத் தவிர்க்கிறோம். தவிர்த்த ஒவ்வொரு வாரமும் அடுத்த சந்திப்பை இன்னும் கடினமாக்குகிறது. உங்கள் உறக்கமின்மைக்குத் திறமைக் குறைவைவிட இந்த ஒளிதலே பெரிய காரணம் என்று கருதுகிறேன்.

அந்த 18 தாள்கள்

முதலில் அவற்றை இரண்டு கட்டுகளாகப் பிரியுங்கள். எழுத வாசிக்கச் சிரமப்படும் ஒரு பாட்டி வாயால் பதில் சொல்லச் சொல்ல, நீங்கள் அடையாளமிட்ட தாள் ஏதும் அவற்றுள் இருந்தால், அது பொய்த் தாள் அல்ல. நேரில் கேட்டு ஆய்வாளரே பதிவது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. அவ்வாறு பதிந்தேன் என்று எழுதினால் போதும். "நீயே போட்டுக்க" என்று போனவர்களுக்காக நீங்கள் ஊகித்து நிரப்பியவை வேறு வகை. கேட்டவர் அனுமதி தந்திருந்தாலும், அதில் இருப்பது அவருடைய பதில் அன்று, உங்களுடைய பதில். 64இல் 18 என்பது நூற்றுக்கு 28. நீங்கள் வறுமையே காரணம் என்று நம்பி அந்தத் தாள்களை நிரப்பியிருந்தால், ஆய்வின் முடிவும் வறுமை என்றே வரும்; பிறகு அதைப் படித்து நீங்களே உங்கள் நம்பிக்கை உறுதியாகிவிட்டதென்று நினைப்பீர்கள்.

தரவுகளை இட்டுக்கட்டுவது ஆய்வு ஒழுக்கத்தில் மிகக் கடுமையாகப் பார்க்கப்படும் தவறு. நீங்கள் இன்னும் எதையும் சமர்ப்பிக்கவில்லை என்பது பெரிய ஆறுதல். அந்தத் தாள்களைத் தனியே எடுத்து வையுங்கள். கணினியில் ஏற்றியிருந்தால் அந்த வரிசைகளை நீக்குங்கள். மேற்பார்வையாளரிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் என் கருத்தைச் சொல்கிறேன். சொல்லிவிடுவதே நல்லது. நீக்கியபின் சொல்லாவிட்டாலும் ஆய்வேடு சுத்தமாகவே இருக்கும், அது உண்மை. என்றாலும் இரண்டு மாத மௌனத்துக்கு நீங்கள் ஏதோ ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். பொய்க் காரணம் சொல்லித் தொடங்கினால் மிகுதி மாதங்களையும் அதே பதற்றத்தோடு கடக்க நேரிடும். சமர்ப்பிப்பதற்கு முன்பு தானாக வந்து சொல்லும் மாணவரையும், வாய்மொழிப் பரீட்சையில் பிடிபடும் மாணவரையும் எந்த விரிவுரையாளரும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

384 என்ற எண் எங்கிருந்து வந்தது?

கிரெஜ்சி, மோர்கன் என்ற இருவர் 1970இல் வெளியிட்ட அட்டவணை ஒன்றிலிருந்து வந்தது. மக்கள்தொகை மிகப் பெரிதாக இருந்து, 95 வீத நம்பகத்தன்மையும் 5 வீதப் பிழை எல்லையும் வேண்டுமானால் 384 பேர் தேவை என்று அது சொல்கிறது. தோட்டத்தில் உங்கள் பிரிவில் 140 குடும்பங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதே அட்டவணையின்படி 140க்கு 103 போதும். ஆனால் 103ஐயும் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள். முழுமையான பெயர்ப்பட்டியல் ஒன்றிலிருந்து குலுக்கல் முறையில் ஆட்களைத் தெரிவு செய்தால்தான் அந்தக் கணக்குக்குப் பொருள் உண்டு. வழியில் கண்டவர்களிடமும் தெரிந்தவர்களிடமும் தாள் கொடுத்தால், 384 பேரைச் சேர்த்தாலும் அந்த உத்தரவாதம் கிடைக்காது.

எனவே உங்களுக்கு வேண்டியது எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட ஆய்வு வடிவத்தை மாற்றுவது. 46 தாள்களையும் நிலைமையை விவரிக்க மட்டும் பயன்படுத்தலாம். அங்கும் 41.3 வீதம் என்று தசமத்தோடு எழுதாமல், 46 பேரில் 19 பேர் என்று எழுதுங்கள். அதுவே உண்மைக்கு நெருக்கமானது. அதன்மேல், கடைகளுக்குப் போன இளைஞர்கள் பன்னிரண்டு பதினைந்து பேரோடு ஆழமான நேர்காணல் செய்யுங்கள். இதற்கு ஏற்பத் தலைப்பை ஒரு பிரிவுக்குச் சுருக்க வேண்டும். இந்த மாற்றத்துக்கு மேற்பார்வையாளரின் ஒப்புதலும் வேண்டும். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிவர மென்பொருளில் வந்த அட்டவணை இல்லாவிட்டால் அது ஆய்வே இல்லை என்ற எண்ணம் நம் மாணவரிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. உங்கள் துறையிலோ நேர்காணலை மட்டும் வைத்துச் செய்த நல்ல ஆய்வுகள் ஏராளம்.

கேள்விகளையும் ஒருமுறை மீளப் பார்க்க வேண்டும். "படிப்பை விட்டதற்குக் காரணம் என்ன?" என்று கேட்டு, வறுமை, வேலையின்மை, ஆர்வமின்மை என்று கட்டங்கள் கொடுத்திருக்கிறீர்கள். நம் மக்களிடம் அப்படிக் கேட்டால் வறுமையில்தான் அடையாளம் விழும்; வறுமை பொய்யும் அல்ல. ஆனால் அதே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) அதே சம்பளத்தில் அடுத்த காம்பராவில் இருக்கும் பிள்ளை ஏன் தொடர்ந்து படிக்கிறது என்பதற்கு அந்த அடையாளம் விடை தராது. நடந்ததைக் கேளுங்கள். பாடசாலைக்குக் கடைசியாகப் போன வாரம் வீட்டில் என்ன நடந்தது? கொழும்புக்கு முதன்முதலில் கூட்டிப் போனது யார்? முதல் மாதம் எங்கே தங்கினீர்கள்? முதல் சம்பளம் யார் கைக்குப் போனது? இவற்றுக்கு வரும் பதில்களில் காரணங்கள் தாமாக வெளிப்படும். எப்போது கேட்பது என்பதும் முக்கியம். நீங்கள் வார நாட்களில் போயிருக்கிறீர்கள். அப்போது அந்த இளைஞர்கள் ஊரில் இல்லை. அவர்களைப் பற்றி அவர்களுடைய பெற்றோர் சொன்னதுதான் உங்கள் தாள்களில் இருக்கிறது. தீபாவளி, தைப்பொங்கல், தோட்டத்து மாரியம்மன் திருவிழா ஆகிய காலங்களில் அவர்கள் ஊருக்கு வருவார்கள். உங்கள் களவேலையை அந்த நாட்களைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.

துரையின் அனுமதியும் மக்களின் சம்மதமும்

இவை இரண்டையும் நீங்கள் ஒன்றாக எண்ணியிருக்கிறீர்கள். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் அரசு பொறுப்பேற்ற தோட்டங்களின் முகாமைத்துவம் 1992 முதல் பெரும்பாலும் தனியார் கம்பனிகளின் கையில் இருக்கிறது. அலுவலகப் பதிவேடு, செக்ரோல் என்ற தொழிலாளர் சம்பளப் பதிவேடு, வேலை நேரம், பிரட்டுக்களம் ஆகியவற்றுக்கு முகாமைத்துவத்தின் அனுமதி வேண்டும். ஒருவர் தன் வீட்டில், கோவில் மண்டபத்தில், தன் ஓய்வு நேரத்தில் உங்களோடு பேசுவது அவருடைய சொந்த விருப்பம். ஆனாலும் உங்கள் தாய் அதே தோட்டத்தில் வேலை செய்கிறார் என்பதை மறக்க வேண்டாம். துரையோடு முரண்பட்டால் அதன் விளைவை முதலில் அனுபவிப்பவர் அவராக இருக்கலாம். துறைத் தலைவரின் கையொப்பத்தோடு, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு கடிதம் பெற்று, அலுவலகத்தில் மரியாதையாகக் கொடுத்துவிடுங்கள். மறுபடி மறுத்தாலும் மறைந்து செய்ததாக எவரும் சொல்ல முடியாது. பிரட்டுக்களத்தை எப்படியும் தவிர்த்துவிடுங்கள். கங்காணியும் கணக்கப்பிள்ளையும் பார்த்துக்கொண்டு நிற்க, தோட்ட வேலை வேண்டாமென்று பிள்ளை ஏன் போனான் என்பதை யார் மனம் விட்டுச் சொல்வார்கள்?

பாடசாலையிலிருந்து இடைவிலகியோரின் எண்ணிக்கை வேண்டுமானால் அதற்குத் தோட்ட அலுவலகம் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஹட்டன் வலயக் கல்விப் பணிமனையிடம் எழுத்தில் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும்.

சம்மதத்தைப் பொறுத்தவரை, ஒவ்வொருவரிடமும் எதற்காகக் கேட்கிறீர்கள், விரும்பாவிட்டால் நிறுத்திவிடலாம் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவராயின் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். "இத எழுதுனா எங்களுக்கு வீடு கெடைக்குமா?" என்று யாராவது கேட்டால், கிடைக்காது என்றே சொல்லிவிடுங்கள். விவரம் கேட்டுப் போனவர்களைப் பல வருடங்களாகப் பார்த்துச் சலித்த மக்கள் அவர்கள். உங்கள் தாளைப் பார்த்துச் சிரித்ததில் அந்தச் சலிப்பும் உண்டு. பெயரை மாற்றினால் மட்டும் ஆள் மறைந்துவிடுவதில்லை. கடைசி லயத்துக் கோடி வீட்டில், கணவர் மத்திய கிழக்கில் இருக்கும் பெண் என்று எழுதினால், அது யாரென்று பிரிவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இன்னொன்றும் உண்டு. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. அதற்கும் குறைந்த வயதில் போனதாக யாராவது சொன்னால், அவரையோ கடையையோ அடையாளம் காட்டும் எதையும் எழுதுவதற்கு முன் மேற்பார்வையாளரோடு கலந்து பேசுங்கள். இப்போதும் ஒரு சிறுவர் துன்பத்தில் இருப்பதாகத் தெரிந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

உங்கள் அண்ணனைப் பற்றி நீங்கள் எழுதிய வரிகளில் குற்றவுணர்வு தெரிகிறது. அவருடைய கதையே உங்கள் தலைப்பு. அவரை நேர்காணல் செய்யலாமா என்றால், செய்ய வேண்டாம் என்பேன். தங்கையின் படிப்புக்காகத்தான் கடைக்குப் போனேன் என்ற பதிலை உங்கள் முன்னால் சொல்வதும் கடினம், சொல்லாமல் மறைப்பதும் கடினம். ஆனால் இத்தலைப்பை ஏன் எடுத்தீர்கள் என்பதையும், உங்கள் குடும்பத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பையும் முறையியலில் இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதுங்கள். அண்ணனிடம் முன்கூட்டியே காட்டி, அவர் சரி என்றால் மட்டும் சேருங்கள்.

ஆங்கிலக் கட்டுரைகள்

ஒரு கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அகராதியோடு வாசிப்பதால்தான் களைத்துப்போகிறீர்கள். முதலில் சுருக்கத்தையும், அடுத்து முடிவுரையையும், பிறகு அட்டவணைகளையும் பாருங்கள். உங்கள் கேள்விக்குத் தொடர்பிருந்தால் மட்டும் மிகுதியை வாசியுங்கள். ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஐந்து வரி எழுதி வையுங்கள்: யாரிடம் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள், என்ன கண்டார்கள், எதைக் கேட்காமல் விட்டார்கள், உங்களுக்கு இதில் என்ன பயன். இவ்வாறு பத்துப் பன்னிரண்டு சேர்ந்தால் இலக்கிய மீளாய்வுக்கு உருவம் வந்துவிடும். இலங்கைச் சஞ்சிகைகள் பலவற்றை ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைனில் இலவசமாக வாசிக்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் மலையகம் பற்றிய தமிழ் நூல்களும் பழைய சஞ்சிகைகளும் கிடைக்கின்றன. அவற்றை மேற்கோள் காட்டுவது குறைவானது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை ஒரு கடினமான பந்தியின் பொருளை விளங்கிக்கொள்ளப் பயன்படுத்தலாம். ஆனால் அவை இல்லாத கட்டுரைகளுக்கு ஆசிரியரும் ஆண்டும் கற்பித்துத் தந்துவிடும். கையில் எடுத்துப் பார்க்காத எதையும் உசாத்துணையில் சேர்க்காதீர்கள்.

புள்ளிவிவரங்களை எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் 839,504 பேர். தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்ட மலையகத்தவர் இதில் அடங்கார். அதே மதிப்பீட்டில் தோட்டத்துறை என்பது 20 ஏக்கருக்குக் குறையாத, குறைந்தது 10 தொழிலாளர் குடியிருக்கும் பெருந்தோட்டங்களைக் குறிக்கிறது. தோட்டத்தை விட்டு நகருக்குக் குடிபெயர்ந்தவர்கள் அதற்குள் வரமாட்டார்கள். நீங்கள் ஆராய்வதோ தோட்டத்தை விட்டுப் போகிறவர்களை. இந்த இடைவெளியை விளக்கி ஒரு பந்தி எழுதினால், உங்கள் மேற்பார்வையாளர் நிமிர்ந்து உட்காருவார்.

ஆய்வு எங்களைப் போன்றவர்களுக்கு உரியது அல்ல என்று எழுதியிருந்தீர்கள். 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்தில் பிறந்தவர். லயத்து மக்கள் பாடிய பாடல்களை அவர்களிடமே கேட்டுச் சேகரித்து அச்சில் ஏற்றியவரும் அவர்தான். அவர் அன்று கேட்டு எழுதியிராவிட்டால் இன்று ஆராய்வோருக்குப் பல பாடல்கள் கிடைத்தே இரா. வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் ஒருவருக்கு "அரைப் பேர்" (அரைநாள் சம்பளம்) என்றால் என்னவென்று விளக்கவே ஒரு மணித்தியாலம் வேண்டும். உங்களுக்கு அது வேண்டியதில்லை. அதேவேளை, எல்லாம் எனக்குத் தெரியும் என்று எண்ணிக் கேட்காமல் விட்டுவிடும் அபாயமும் உள்ளூர்க்காரருக்கு உண்டு. அந்த 18 தாள்களும் ஒருவகையில் அப்படி வந்தவைதான்.

60,000 ரூபாயும் பொதுப் பட்டமும்

பணம் கொடுத்து எழுதுவிப்பதைப் பற்றி நீண்டு பேச ஒன்றுமில்லை. பரீட்சை ஒழுங்குவிதிகளின்படி அது குற்றம். வாய்மொழிப் பரீட்சையில் நான்கு கேள்விகளில் தெரிந்துவிடும். உங்களுக்கு விற்ற அதே பிரதியைக் கடைக்காரர் அடுத்த வருடம் இன்னொருவருக்கும் விற்கலாம். அந்தப் பணம் யாருடைய உழைப்பிலிருந்து வரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பொதுப் பட்டத்தோடு வெளியேறுவது அப்படிப்பட்டதல்ல. அது மரியாதையான வழிதான். நம் நாட்டுத் தகைமைச் சட்டகத்தில் மூன்று வருடப் பட்டத்துக்கு 90 கிரெடிட், நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட். உங்கள் பீடத்தில் இந்த நிலையில் இறங்கிக்கொள்ள இடமுண்டா, வகுப்புச் சித்தி என்னவாகும் என்பதைப் பீடத்தின் சிரேஷ்ட உதவிப் பதிவாளரிடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நண்பர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். ஆனால் 120 கிரெடிட்டில் ஆய்வேட்டின் பங்கு சிறியது. முழுப் பட்டத்தையும் விடுவதற்கு முன், தாமதமாகச் சமர்ப்பிக்கக் கால நீடிப்புக் கேட்பது, திருத்திய வடிவில் தொடர்வது ஆகிய இரு வழிகளையும் முயன்று பாருங்கள். நீடிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டியது இறுதித் திகதிக்கு முன்பே.

மேற்பார்வையாளரைச் சந்திக்கும் முன் சிறு செய்தி ஒன்றை அனுப்புங்கள். நீண்ட மன்னிப்புக் கடிதம் வேண்டாம். "மெடம், கள ஆய்வில் ஏற்பட்ட சிக்கல்களால் இரண்டு மாதங்களாக உங்களைச் சந்திக்காமல் இருந்துவிட்டேன். 46 வினாக்கொத்துகள் கைவசம் உள்ளன. வேறு சிலவற்றை நீக்க வேண்டியிருக்கிறது, அதன் காரணத்தை நேரில் சொல்ல விரும்புகிறேன். நேர்காணல் முறைக்கு மாறலாமா என்றும் கேட்க வேண்டும். அரைமணி நேரம் ஒதுக்க முடியுமா?" என்ற அளவில் இருந்தால் போதும். போகும்போது 46 தாள்களையும், தனியே கட்டிய 18ஐயும், புதிய கேள்விகள் எழுதிய ஒரு பக்கத்தையும் எடுத்துப் போங்கள். ஒரு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் துறைத் தலைவரிடம் போகலாம். தனியே போகத் தயக்கமாயின் பீடத்தின் மாணவர் ஆலோசகரைத் துணைக்கு அழைக்க உங்களுக்கு உரிமை உண்டு. உறக்கமின்மை இதற்குப் பின்னும் நீடித்தால் பல்கலைக்கழகச் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். இரவில் தனிமையில் தாங்க முடியாமல் போகும்போது, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.